வீட்டுக் கலப்படம்

அந்த வீட்டில் சனிக்கிழமை வெங்காயம் நறுக்கக் கூடாது. விரதம் கிரதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயிற்றைக் காயப்போடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். வெங்காயம் மட்டுமா, பூண்டு கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, யாரும் ஷூவுக்குப் பாலிஷ் போடக் கூடாது. எல்லாம் தேயிலைக்காக. தேயிலைக்கு மூக்கு இல்லையே தவிர, மோப்பத்தில் நாய் தோற்றுப்போகும். பக்கத்தில் எது மணந்தாலும் எது நாறினாலும் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கோப்பையில் இறங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் சனிக்கிழமைச் சாப்பாடு என்பது அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, உப்பு. “ஆஸ்பத்திரியில கூட இதைவிட ருசியாப் போடுவாங்க” என்று நாத்தனார் வாரம் தவறாமல் சொல்வாள். சொல்லிவிட்டு இன்னொரு முட்டையை எடுத்துக்கொள்வாள்.

வீட்டில் மூன்று பேர்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேயிலை விற்கிறவள் ஒருத்தி. சந்தையே அவளை டீக்காரி என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். அடுத்தது அவள் புருஷன். லாரி ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு, வண்டியை விட்டுப் பல வருஷம் ஆகியும் இன்னும் டிரைவர் என்றே ஊருக்கெல்லாம் தெரிந்தவர். மூன்றாவது அவருடைய தங்கை. கட்டினவனோடு ஒத்துவராமல் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். “அவனை விட்டுட்டு வந்ததுல ஒரே வருத்தம், மிஷினோட ஸ்டூலை மறந்துட்டேன்” என்பாள். தேயிலை போடுகிற துணிப்பைகளைத் தைப்பது அவள் வேலை.

முன்னறையில்தான் எல்லாம் நடக்கும். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, ஜன்னலைச் சாத்தி, வெள்ளைத் துணியைத் தரை முழுக்க விரிப்பார்கள். மலைத் தோட்டத்திலிருந்து வருகிற மூட்டைகள் மூன்று தினுசு. ஒன்று பொடி ரகம், தண்ணீரில் விழுந்ததும் நிறத்தைக் கொட்டிவிடும், வேறு ஒன்றும் தெரியாது அதற்கு. இன்னொன்று உடைந்த இலை. நாக்கைப் பிடித்து ஒரு கடி கடிக்கும். மூன்றாவது, மேட்டுச் சரிவில் விளைகிற நீள இலை. அதில் நிறமும் கிடையாது, கடுப்பும் கிடையாது, வாசம் மட்டும்தான். தனித்தனியாகப் போட்டால் மூன்றுமே உருப்படாது.

டீக்காரி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தனித்தனி டம்ளரில் கொதிநீர் ஊற்றி, சத்தம் வருகிற மாதிரி உறிஞ்சி, வாயில் வைத்திருந்து, தொட்டியில் துப்புவாள். மழை அதிகமான வாரம் இலை ஒரு மாதிரி, வெயில் காய்ந்த வாரம் வேறு மாதிரி. அதைப் பொறுத்து இதில் கொஞ்சம் கூட்டி அதில் கொஞ்சம் குறைப்பாள். பிறகு முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு மண்டிபோட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்குமாக இரண்டு கையாலும் புரட்டுவாள். அவள் போதும் என்கிறவரை வேறு யாரும் தொடக் கூடாது.

ஆரம்பித்த புதிதில், இப்படி அவள் மண்டிபோட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணி, கதவைச் சாத்திக்கிட்டுக் கலப்படம் ஜோரா நடக்குதா?” என்றாள். டிரைவர் சிரித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட வார்த்தை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சனிக்கிழமைக்கே பெயர் கலப்படம்தான். “நாளைக்குக் கலப்படம் இருக்கு, கல்யாணத்துக்கு இவர் மட்டும் வருவார்” என்று டீக்காரி போனில் சொல்வாள். “கலப்படத் துணி காஞ்சிருச்சா?” என்று டிரைவர் கேட்பார். வருஷக்கணக்கில் வாயில் புரண்டு புரண்டு அந்த வார்த்தை தன் கெட்ட பெயரைத் தொலைத்துவிட்டது. அந்த வீட்டுக்குள் மட்டும்.

வெளியே அப்படியில்லை என்பது அவர்களுக்கு மறந்தே போனதுதான் வினையாயிற்று.

சந்தைக் கடையில் தொங்கிக்கொண்டிருந்த துணிப் பேனர் ஒரு காற்றில் கிழிந்தது. டிரைவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு பலகையை வாங்கி, இழைத்து, நீலம் அடித்து, வெள்ளையில் எழுதினார். அவர் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவர். எழுத்துக் கற்றுக்கொண்டதே சாலையில்தான். கிளீனராக இருந்த காலத்தில் முன்னால் போகிற லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தது. பிறகு அந்த எழுத்துகளை அப்படியே வரைந்து பழகினது. அதனால் அவர் எழுத்தில் ஒரு லாரித்தனம் இருக்கும். தடிமனாக, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி, ஓரத்தில் நிழல் வைத்து. பெயிண்ட் வாசம் இலைக்கு ஆகாது என்பதால் செடிக்காரரின் கொட்டகையில் வைத்துத்தான் எழுதினார். செடிக்காரர் சந்தையில் பக்கத்துக் கடை. வாரா வாரம் தேயிலையை இவர் வேனில்தான் ஏற்றிப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை போட்டதும், மூடியிருந்த சாக்கை டிரைவர் விலக்கினார்.

‘எங்கள் வீட்டுக் கலப்படம்’ என்று பெரிதாக. கீழே சின்னதாகத் ‘தேயிலை’.

டீக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்காக யாரும் எதையும் எழுதிக்கொடுத்தது கிடையாது. “எப்பங்க எழுதினீங்க? ஒண்ணுமே சொல்லல!” என்றாள். கண் கலங்கிவிட்டது. நாத்தனார் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்து, “அண்ணே, அந்த ‘ட’னாவுக்குக் கீழ பெயிண்ட் வழிஞ்சிருக்கே” என்றாள். ஆமாம், வழிந்திருந்தது. ஒரு சொட்டு, கண்ணீர் மாதிரி. டிரைவருக்கு அது உறுத்தியது. “அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்” என்றார்.

மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் அந்த ஒரு சொட்டுதான் தப்பாகத் தெரிந்தது.

முதலில் சிரித்தது யாரோ பையைத் தூக்கிக்கொண்டு போன ஆள். நின்று, படித்து, சிரித்து, போனை எடுத்துப் படம் பிடித்தான். டீக்காரிக்குப் பெருமைதான், போர்டு அழகாக இருக்கிறது, படம் எடுக்கிறார்கள் என்று முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டாள். அந்தப் படம் ‘இவங்களாவது உண்மையைச் சொல்றாங்களே’ என்ற வரியோடு போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? வெயில் ஏறுவதற்குள் வருகிறவர்களைவிட நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகமானார்கள். பிறகு, வழக்கமாக வாங்குகிற கண்ணாடிக்காரம்மா வந்தாள். காலையில் வாங்கிப்போன பையைத் தயங்கித் தயங்கி மேஜைமேல் வைத்தாள்.

“தப்பா நினைச்சுக்காதம்மா. வீட்ல பிள்ளைங்க போன்ல பாத்துட்டுக் குடிக்கக் கூடாதுங்கிறாங்க. மரத்தூளு, சாயம்னு என்னென்னமோ சொல்றாங்க.”

“எதுல மரத்தூளு?”

கண்ணாடிக்காரம்மா போர்டை நிமிர்ந்து பார்த்தாள். டீக்காரியும் பார்த்தாள். அப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்கு ஊரார் கண்ணில் தெரிகிற மாதிரி தெரிந்தது. திரும்பினால், டிரைவர் முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

சந்தைக் கமிட்டிச் செக்ரட்டரி விசிலோடு வந்து சேர்ந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்; ஊதி யாரும் கேட்டதில்லை. நல்ல மனுஷர்தான். அந்தச் சந்தையை முளையிலிருந்து வளர்த்தவர். ஆனால் பயந்தவர். போன வருஷம் ஒருத்தன் தேனில் சர்க்கரைப் பாகைக் கலந்து மாட்டிக்கொண்டதில் சந்தையையே கொஞ்ச நாள் பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து அவருக்குக் கலப்படம் என்ற சத்தம் கேட்டாலே ரத்தக் கொதிப்பு.

“என்னம்மா இது? காலையிலிருந்து என் போன் அடிச்சுத் தீரல!”

“சார், அது நாங்க வீட்ல சொல்ற வார்த்தை...”

“வீட்ல ஆயிரம் சொல்லலாம். வீட்ல பனியனோட இருக்கோம், சந்தைக்கு அப்படியா வர்றோம்? முதல்ல அதைக் கழட்டுங்க.”

டிரைவர் கழற்றினார். முதுகு வலியையும் பார்க்காமல் அவரே தூக்கிக்கொண்டு போய் வேனில் கவிழ்த்து வைத்தார்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு நசநசவென்று தூறியது. டிரைவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் “பசிக்கல” என்றார். போர்டை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னார்.

சமையலறையில் பெண்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

“எல்லாம் என் வாயால வந்தது அண்ணி. நான் அன்னிக்குச் சும்மா இருந்திருந்தா...”

“நீ எப்பச் சும்மா இருந்திருக்க?”

“சரி, இப்ப என்ன பண்றது? அந்தப் ‘படம்’ங்கிறதை அழிச்சுட்டு ‘பு’னா போட்டுட்டா கலப்புன்னு ஆயிடும். முடிஞ்சுது.”

“அதான் நானும் நினைச்சேன். மூணு எழுத்துக் காரியம்.”

டீக்காரிக்கும் அதில் ஒன்றும் பெரிய மானப் பிரச்சினை இருக்கவில்லை. சந்தைக் கடை போனால் வேறு போக்கிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குள் இருக்கிற மளிகைக் கடைகள் அவள் தேயிலையைத் தொடாது. அவர்களுக்குப் பளபளப்பான பாக்கெட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மேஜைதான் மூன்று வயிற்றுக்கும் அடுப்பு. எழுத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் போவது என்று அவள் முடிவே செய்துவிட்டாள். செக்ரட்டரி மட்டும் அன்று வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்லது செய்ய வந்த முகம். டீக்காரி டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, “இவ்வளவு நல்லா டீ போட்டுட்டு இப்படிப் பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே” என்றார்.

“போர்டை மாத்திடுறோம் சார்.”

“போர்டை மாத்தினா போதாதும்மா. கமிட்டியில எல்லாரும் உங்க கடையைத் தூக்கணும்னு நிக்கிறாங்க. நான்தான் சமாதானம் பண்ணி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில நீங்க மைக்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிடணும். மன்னிப்பு.”

“என்னன்னு?”

“ரொம்ப யோசிக்க வேணாம். ‘என் வீட்டுக்காரருக்குப் படிப்பு போதாது. எழுதப் படிக்கச் சரியாத் தெரியாது. அர்த்தம் தெரியாம எழுதிட்டாரு. மன்னிச்சுக்குங்க.’ அவ்வளவுதான். எழுத்துப் பிழைன்னு ஆயிட்டா எல்லாரும் ஐயோ பாவம்னு விட்டுடுவாங்க. ஜனங்க நல்லவங்கம்மா.”

தையல் மிஷின் சத்தம் நின்றது. உள்ளறையிலிருந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் குரல் வந்தது.

“சொல்லிடும்மா. உள்ளதுதானே.”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் டீக்காரி தாங்கியிருப்பாள். கோபமே இல்லை. லாரி லாரியாகப் பின்னால் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்த மனுஷன், இத்தனை நாள் சேர்த்ததையெல்லாம் ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அவரிடம் இல்லாத கோபம் இவளுக்கு வந்தது.

“எழுத்துல என்ன சார் பிழை?” என்றாள்.

“ம்?”

“எழுத்துப் பிழைங்கிறீங்களே. எந்த எழுத்துல? ‘வீட்டுக்’குன்னு ஒற்றுகூட விடாம போட்டிருக்காரு. காட்டுங்க, எது பிழை?”

“அட, அர்த்தத்துலம்மா...”

“அர்த்தம் எங்க வீட்டு அர்த்தம். அது எங்களுக்குத் தெரியும். தெரியாம எழுதல.”

செக்ரட்டரி டம்ளரைக் கீழே வைத்தார். “பிடிவாதம் பண்ணாதீங்க. கடை போயிடும்.”

“போட்டும். எம் புருஷனைத் தற்குறின்னு மைக்ல சொல்லித்தான் நான் டீத்தூள் விக்கணும்னா, அந்தக் கடை எனக்கு எதுக்கு?”

“நான் அப்படிச் சொல்லலையே!”

“வேற எப்படிச் சொன்னீங்க?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். மீதி டீயைக் குடிக்கவில்லை. நாத்தனார் அந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்து, “பாதிக்கு மேல குடிச்சிருக்காரு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. கட்டில் நிமிரவில்லை. துணி விரியவில்லை. மூன்று மூட்டைகளும் கட்டினது கட்டினபடி மூலையில் இருந்தன. நாத்தனார் கையில் ஒரு வெங்காயத்தை வைத்துக்கொண்டு அண்ணி முன்னால் வந்து நின்றாள்.

“இதை நறுக்கலாமா, கூடாதா? அதையாவது சொல்லுங்க. இன்னொரு நாள் அவிச்ச முட்டை என்னால ஆகாது.”

“நறுக்காத. நாளைக்குக் கலப்படம்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை அண்ணி.”

“தெரியும். சந்தையில வச்சுக் கலக்கப் போறேன். அத்தனை பேர் நடுவுல.”

நாத்தனார் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தேயிலையைத் திறந்த வெளியில் கலக்குவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும். காற்று பொடியை அள்ளிக்கொண்டு போகும். எதிரே சோப்புக்காரர், இன்னொரு பக்கம் மீன் பொரிக்கிறவள். மழை ஈரம் வேறு. ஒரு மணி நேரத்தில் அத்தனை இலையும் சந்தை முழுவதையும் குடித்துவிட்டு ஒன்றுக்கும் ஆகாமல் போகலாம்.

“இருக்கிறதே இந்த மூட்டைதான் அண்ணி. கெட்டுப்போச்சுன்னா?”

“கெடட்டும். கதவைச் சாத்திக்கிட்டுச் செஞ்சாத்தானே சந்தேகம்? நம்ம என்ன கலக்குறோம்னு ஊரே பாக்கட்டும். அதுக்கப்புறமும் நம்மளைப் போங்கன்னா, தலை நிமிந்து போறேன்.”

உள்ளறையிலிருந்து, “நான் வரல” என்று குரல் வந்தது.

“உங்களை யாரு கூப்பிட்டா?” என்றாள் டீக்காரி. ஆனால் மறுநாள் விடிகாலையில் வேன் வந்து நின்றபோது, போர்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை ஏற்றிவிட்டாள். அவர் வேனைவிட்டு இறங்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு ஏறினார். தேயிலைக்கு ஆகாது என்று செடிக்காரர் வழக்கம்போல ரோஜாத் தொட்டிகளை மட்டும் வேன் மேலே கட்டினார்.

மைதானத்தில் புல் ஈரமாக இருந்தது. மழை விட்டிருந்தாலும் மேகம் தொங்கிக்கொண்டிருந்தது, காற்றும் ஓயவில்லை. டீக்காரி மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பிறகு அவளும் நாத்தனாரும் இரண்டு பக்கம் பிடித்து போர்டை மாட்டினார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘எங்கள் வீட்டுக் கலப்படம்.’ ‘ட’வுக்குக் கீழே அந்தச் சொட்டும் அப்படியே இருந்தது.

நடுவில் செக்ரட்டரியின் மேஜைமேல் மைக் இருந்தது. காணாமல் போன குடைகளையும் பிள்ளைகளையும் அறிவிக்கிற மைக். டீக்காரி வருவதைப் பார்த்ததும், போர்டு மறுபடி ஏறினதை இன்னும் பார்க்காத செக்ரட்டரியின் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்கம்மா, வாங்க. புத்திசாலி” என்று அவரே மைக்கை எடுத்துக் கொடுத்தார்.

அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. முதலில் மூச்சுதான் ஊரெல்லாம் கேட்டது.

“நான் டீக்காரி பேசுறேன். போன வாரம் எங்க போர்டைப் பாத்துச் சிரிச்சீங்க. சிரிங்க, தப்பில்ல. எங்க வீட்ல மூணு இலையைச் சேத்துக் கலக்குறதுக்குப் பேரே கலப்படம்தான். விளையாட்டாச் சொன்ன பேரு, நின்னுபோச்சு. அதைத்தான் எங்க வீட்டுக்காரர் எழுதினாரு. அவருக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லி மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. அவரு எழுதினதுல ஒரு புள்ளி தப்பிருந்தா வந்து காட்டுங்க. நான் மன்னிப்புக் கேக்க வரல. இன்னிக்குக் கலப்படம் உங்க கண்ணு முன்னாடி...”

அதற்குள் செக்ரட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டார். ‘டொக்’கென்று சத்தம் நின்றது. மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு டீக்காரி வெறும் தொண்டையால் மீதியைச் சொன்னாள். அந்தத் தொண்டைக்கு மைக்கே தேவையில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

“கண்ணு முன்னாடி கலக்கப் போறேன்! மூட்டையை நானே அவுப்பேன்! உள்ள கையை விட்டுப் பாக்கிறவங்க பாக்கலாம், கையைக் கழுவிட்டு வாங்க!”

“இந்தச் சந்தையில இனி உங்களுக்கு இடம் கிடையாது!” என்று செக்ரட்டரி கத்தினார். பாவம், அவர் குரல்தான் எடுபடவில்லை.

ஜனங்களுக்கு வேடிக்கை என்றால் கேட்க வேண்டுமா? கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்காரி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினாள். முதலில் கருத்த பொடி, அதன்மேல் உடைந்த இலை. நீள இலையை அவிழ்க்கப் போகும்போது காற்று ஒரு வீசு வீசியது. கொட்டின பொடியில் ஒரு கை அளவு எழும்பி முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கில் ஏறியது. நாலு பேர் தும்மினார்கள். டீக்காரி துணியின் மேல் அப்படியே கவிழ்ந்து இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். நாத்தனார் சொன்னது நடக்கப்போகிறது, எல்லாம் போகப்போகிறது என்று அவளுக்குப் பட்டது.

நாத்தனார்தான் குரல் கொடுத்தாள்.

“என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? காத்து அந்தப் பக்கமிருந்து வருது, அங்க போய் நெருக்கி நில்லுங்க! சும்மாதானே நிக்கிறீங்க, சுவரா நில்லுங்க! பச்சைச் சட்டை அண்ணே, நீங்க குண்டா இருக்கீங்க, நடுவுல வாங்க. சோப்புக்காரரே, நீங்க மட்டும் தூரப் போங்க சாமி, உங்க மேல பூக்கடையே வருது. யாரு சென்ட் போட்டிருக்கிறது? கையைத் தூக்குங்க! தூக்கினவங்க பின்னால போங்க!”

சென்ட் போட்டவர்கள் நிஜமாகவே கையைத் தூக்கினார்கள். சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக ஒரு சுவர் எழும்பியது. செடிக்காரர் தன் பெரிய தொட்டிகளை இழுத்துவந்து காலடியில் அடுக்கினார். கண்ணாடிக்காரம்மா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுவரின் ஓரத்தில் வந்து நின்றாள். “பிள்ளைங்களை நான் பேசிக்கிறேன், நீ கலக்கும்மா” என்றாள்.

டீக்காரி நீள இலையைக் கொட்டினாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. வீட்டில் மூடின அறைக்குள் அவளுக்கும் இலைக்கும் மட்டும் தெரிந்த வேலை. இத்தனை கண் பார்க்கச் செய்யும்போது முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய் கை தன் போக்கில் ஓடத் தொடங்கியது. கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டது. கறுப்பும் பழுப்பும் ஒன்றில் ஒன்று மறைந்து, மூன்று வாசம் ஒரே வாசமாகிற நேரம் ஒன்று உண்டு. அது வந்ததும் அவள் கையை எடுத்தாள்.

நாத்தனார் கொதிநீரோடு தயாராக நின்றாள். முதல் டம்ளரை டீக்காரி உறிஞ்சினாள். வாயில் வைத்திருந்தாள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“கொஞ்சம் மண்வாசம் ஏறியிருக்கு” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“ஏறட்டும். கலப்படம்தானே!” என்றாள் நாத்தனார்.

சிரிப்பு வெடித்தது. டம்ளர்கள் கை மாறின. அந்தச் சத்தத்தில்தான் வேனின் கதவு திறந்ததை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்தார். ஒரு கையில் செடிக்காரர் தொட்டிக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் டப்பா, இன்னொரு கையில் பிரஷ். கூட்டம் வழிவிட்டது. சிரிப்பு அடங்கியது. செக்ரட்டரிக்கு உயிர் வந்தது.

“அப்பாடா! டிரைவர், நீங்களாவது விஷயம் தெரிஞ்சவரு. அழிச்சிடுங்க. அழிச்சிட்டா நான் கமிட்டியில பேசிக்கிறேன்.”

டிரைவர் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். “போர்டைக் கழட்டிக்கிட்டுப் போறேன்.”

டீக்காரி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “என்னங்க...” என்றாள்.

“இங்க வச்சுப் பெயிண்டைத் திறந்தா இலைக்கு வாசம் ஏறிடும்ல?”

அவ்வளவுதான் சொன்னார். முதுகைப் பிடித்துக்கொண்டு போர்டைக் கழற்றி, சுமந்துகொண்டு, காற்று பெயிண்ட் வாசத்தை இலைப் பக்கம் கொண்டுவராத இடமாகப் பார்த்துப் போனார். போன இடம் சந்தை வாசல். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய இடம். அங்கே கம்பத்தில் போர்டைச் சாய்த்து, எதிரே மெல்ல மண்டிபோட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் பாதி அவர் பின்னாலேயே போனது. செக்ரட்டரியும் போனார்.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் போர்டின் தூசியைத் துடைத்தார். பிளேடால் ‘ட’வுக்குக் கீழே காய்ந்திருந்த சொட்டைச் சுரண்டி எடுத்தார். பிரஷைத் தோய்த்து, விளிம்பில் வழித்து, அந்த ‘ட’வின் அடிக்கோட்டை இழுத்தார். பிறகு விட்ட எழுத்தில்லாமல் எல்லா எழுத்தையும் இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினார். கலப்படம் இப்போது சாலையில் போகிறவர்களுக்கும் தெரிந்தது.

“என்னய்யா பண்றீங்க?” என்றார் செக்ரட்டரி.

டிரைவர் கீழ் மூலைக்கு வந்திருந்தார். லாரியில் பெயர் எழுதுகிறவர்கள் கடைசியில் தங்கள் பெயரைப் போடுகிற மூலை. போன தடவை அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார். இப்போது நாக்கை மடித்துக்கொண்டு, சின்ன எழுத்தில், அவசரமில்லாமல் எழுதினார். ‘எழுதியவர்: டிரைவர்.’

டீக்காரி கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டி அதைப் படித்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

“எடுங்க முதல்ல! வாசல்ல வச்சிருக்கீங்களே, எல்லாரும் பாக்குறாங்க, எடுங்க இதை!” செக்ரட்டரி போர்டைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

டிரைவர் இடுப்பில் கை ஊன்றி எழுந்து நின்றார்.

“ஈரமா இருக்கு சார். தொட்டா கையில ஒட்டிக்கும்.”